என் அக்கா ஆண் என்று வந்த அறிக்கை

1

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், என் அக்கா ஓர் ஆண் என்று எனக்கு மின்னஞ்சல் வந்தது.

நான் அப்போது ஜெர்மனியின் தெற்கில் ஒரு சிற்றூரில், முதியோர் இல்லம் ஒன்றின் இரண்டாம் மாடியில், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவருக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். அந்த இல்லத்தில் நான் நர்ஸாகச் சேர்ந்து அன்றோடு பன்னிரண்டு வருடம். கூட வேலை செய்யும் ஹைகே அதற்காகவே பிளம் பழம் வைத்து கேக் செய்து கொண்டுவந்திருந்தாள். சூப் முடிந்ததும் கேக்கை வெட்டியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் போனைப் பார்த்ததுதான் தப்பு.

பெங்களூரில் இருக்கும் ஒரு பரிசோதனைக்கூடம் எழுதியிருந்தது. நோயாளியின் பெயர் பிலோமினா. படிவத்தில் உள்ள பாலினம் பெண். அனுப்பப்பட்ட ரத்த மாதிரியில் தெரியும் பாலினம் ஆண். தயவுசெய்து சரிபார்த்து உறுதிசெய்யவும்.

பிலோமினா என் கூடப்பிறந்த அக்கா. திண்டிவனத்தில் அங்கன்வாடி டீச்சர். ஐம்பத்தேழு வயது, இரண்டு பையன்களைப் பெற்றவள். அவள் குரலைக் கேட்டு எங்கள் தெருவில் சில ஆண்கள் நடுங்கியதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் விஷயம் ரத்தம் வரைக்கும் போயிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

என் முகம் போன போக்கைப் பார்த்து ஹைகே என்ன ஆயிற்று என்றாள். பன்னிரண்டு வருட ஜெர்மன் மொழியையும் ஒன்று திரட்டி, "என் அக்கா ஆணாம்" என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் தோளைத் தொட்டாள். "அப்படியா? இனி அவரை எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாரா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டாள்.

2

பெயர் விஷயத்தில் அவள் கவனமாக இருப்பதற்குக் காரணம் நான்தான். இந்த ஊரில் என் பெயர் ஃப்ராவ் அருளப்பன், அதாவது திருமதி அருளப்பன். அருளப்பன் என் அப்பா. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை காலியாக விடக்கூடாது என்று சொல்லி, யாரோ ஒரு புண்ணியவான் அப்பாவின் பெயரை அதில் எழுதிவிட்டார். அன்றிலிருந்து வாரத்துக்கு ஐந்து நாள், காலமாகிவிட்ட என் அப்பாவைக் கூப்பிட்டு, படுக்கை நனைந்துவிட்டது, கொஞ்சம் வருகிறீர்களா என்கிறார்கள். நானும் போகிறேன்.

இதை மாற்ற ஒருமுறை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். நான் அருளப்பன் இல்லை என்பதற்கு அருளப்பனிடமிருந்து ஒரு கடிதம் கேட்டார்கள். அத்தோடு விட்டுவிட்டேன். ஆனால் அந்த அலுவலகம் எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. எந்தக் கடிதம் வந்தாலும் கடைசிப் பக்கத்தின் கடைசி வரி வரைக்கும் படிப்பேன். இந்த நாட்டில் விஷயத்தை முதல் பக்கத்தில் சொல்லிவிட மாட்டார்கள்.

திண்டிவனத்தில் என் நிலைமையே வேறு. அங்கே நான் டாக்டர். நான் முதியோர் இல்லத்து நர்ஸ் என்று எத்தனை முறை சொன்னாலும், "அதான் ஃபாரின் நர்ஸாச்சே, நம்ம ஊரு டாக்டருக்கு மேல" என்று பதவி உயர்வு கொடுத்துவிடுவார்கள். ஒலக்கூர் பக்கம் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, போட்டிருக்கும் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் தன் முழங்காலை வீடியோவில் காட்டி வைத்தியம் கேட்கிறார். அவர் போனை எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரியாமல் மாட்டைக் காட்டினார். நான் மாட்டுக்கும் சேர்த்துச் சொன்னேன்.

அக்காவுக்கு உடம்புக்கு வந்தபோது இதெல்லாம் விளையாட்டாக இல்லை. "எல்லாம் நீ சொல்றபடிதாம்மா" என்றார் அக்காவின் கணவர், என் மாமா. நானும் சொல்ல ஆரம்பித்தேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஊரில் இல்லாதவளுக்கு உத்தரவு போடுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

3

இருமலில் ஆரம்பித்தது. முதலில் சளி என்றார்கள். பிறகு அங்கன்வாடித் தூசி என்றார்கள். பிறகு ஒருவர் காசநோயாக இருக்கலாம் என்று இரண்டு மாதம் மாத்திரை கொடுத்தார். கடைசியில் விழுப்புரத்தில் ஒரு புற்றுநோய் டாக்டரிடம் போனார்கள். ஸ்கேன் எடுத்து, நெஞ்சில் ஊசி போட்டு சதை எடுத்தார்கள். எடுத்த ஊசியில் நுரையீரல் சுருங்கி, மூன்று நாள் விலாவில் குழாயோடு கிடந்தாள். நுரையீரல் புற்றுநோய் என்று முடிவு வந்தது.

பீடி புகைக்குக்கூட முந்தானையால் மூக்கை மூடுகிறவள் அவள். பீடி குடித்தவர் மாமா. அந்தோணிசாமி மாமா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே அவர் விசில் ஊதாத வளைவு கிடையாது. டிப்போவிலும் வீட்டிலும் வருடக்கணக்காகப் புகைத்துவிட்டு, மூத்த பையனுக்குக் கல்யாணம் ஆனபோதுதான் விட்டார்.

டாக்டர் முடிவைச் சொன்னபோது அக்காவை எடை பார்க்க வெளியே அனுப்பிவிட்டு மாமாவிடம் சொன்னார். மாமா என்னிடம் சொன்னார். நான் பையன்களிடம் சொன்னேன். எல்லாரும் சேர்ந்து அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அவளிடம் நெஞ்சில் சளிக்கட்டி என்று சொன்னோம். எங்கள் ஊரில் இது பொய்யில் சேராது, மருந்தில் சேரும்.

அடுத்து என்ன வைத்தியம் என்பதில்தான் சிக்கல். கட்டியின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட கோளாறு இருந்தால், அதற்கென்றே மாத்திரை இருக்கிறது, தினம் ஒன்று வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். அந்தக் கோளாறு இல்லை என்றால் கீமோ. இருக்கிறதா இல்லையா என்று பார்க்க முதலில் எடுத்த சதை போதவில்லை. இன்னொரு முறை ஊசி போட டாக்டருக்கே தைரியம் வரவில்லை. அதனால் ரத்தத்தில் பார்க்கலாம் என்றார். கட்டி தன் மரபணுவைத் துணுக்குத் துணுக்காக ரத்தத்தில் உதிர்த்துக்கொண்டே இருக்குமாம். அதைச் சலித்து எடுத்துப் படித்தால் கட்டியைத் தொடாமலே கட்டியைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கோளாறு இருக்க வேண்டும் என்றுதான் நாங்கள் வேண்டிக்கொள்ள வேண்டும். இந்த விசித்திரத்தை நான் ஒருத்திதான் புரிந்து வைத்திருந்தேன். புரிந்ததை யாருக்கும் சொல்லவில்லை. மாமா குழம்புவார், எதற்கு வம்பு என்று நினைத்தேன்.

4

பையன்களும் பார்க்கட்டும் என்று எதையும் எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில்தான் எழுதுவேன், அதில் அக்காவும் இருக்கிறாள். வரும் செய்தியை எல்லாம் சத்தம் போட்டுப் படிக்கிறவள். அதனால் அதில் "அக்காவின் ரத்தம்" என்று எழுத முடியாது. எதற்கு என்று கேட்பாள். நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே சாமர்த்தியமாக இப்படி எழுதினேன்: "மாமா, வியாழக்கிழமை காலைல வீட்டுக்கு ஆள் வருவாங்க. ரத்தம் கொடுக்கணும். ரெடியா இருங்க."

மாமா கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் போட்டார். கும்பிடும் கை ஒன்றும் போட்டார். என் நிர்வாகத் திறமையை நானே மெச்சிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

எட்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, அறிக்கை என் மின்னஞ்சலுக்கு வந்தது. கோளாறு எதுவும் கண்டறியப்படவில்லை. மாத்திரை இல்லை, கீமோதான். அதை அவள் உடம்பு தாங்குமா? "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று மட்டும் எழுதி முதல் பக்கத்தை மாமாவுக்குத் தனியாக அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் திண்டிவனத்தில் திருவிழா. சென்னையிலிருந்து பெரிய பையன் படித்துச் சொல்லியிருக்கிறான், எதுவும் இல்லையாம் என்று. மாமா போனில் அழுதார். "நீ தெய்வம்மா. ஒண்ணுமே இல்லன்னு வந்துடுச்சு. ஞாயித்துக்கெழமை நன்றிப் பூசைக்கு சொல்லிட்டேன்."

"மாமா, இந்த டெஸ்ட்ல இல்லன்னு வந்தா, நோயே இல்லன்னு அர்த்தம் இல்ல."

"அந்த ஊருலயே இருந்துகினு நீ எல்லாத்தையும் சந்தேகப்பட கத்துக்கின. ரெண்டு நாளு சந்தோஷமா வுடும்மா எங்கள."

விட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை நடந்தது, பிரியாணி நடந்தது. அக்காவிடம் சளிக்கட்டி கரைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் பிரியாணித் தட்டோடு இருமிக்கொண்டே வீடியோவில் எனக்குக் கை காட்டினாள். விழுப்புரத்து டாக்டரோ அறிக்கையைப் பார்த்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமை கீமோவுக்கு வரச் சொல்லிவிட்டார். இனிமேல் எதற்கு அது என்று மாமா என்னிடம் கேட்டார். அதற்கு ஒரு பதிலை நான் தயார் செய்துகொண்டிருந்தபோதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் வந்தது.

5

கேக்கை ஹைகேயிடம் விட்டுவிட்டு, துணி அடுக்கும் அறைக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டு பெங்களூருக்குப் போன் செய்தேன். ஒரு பெண் தமிழிலேயே பேசினாள், நல்ல இனிமையான குரல்.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம். பேஷன்ட்ட ஆண்னு மாத்திடலாமா? நீங்க ஒரு மெயில் போட்டீங்கன்னா போதும்."

"எங்கக்காவை மாத்தணுமா? நீங்க ரிப்போர்ட்டைத்தானே மாத்தணும்?"

"ரிப்போர்ட்டை மாத்த முடியாது மேடம். ஃபார்ம்தான் மாத்த முடியும்."

என் அப்பா பெயரிலிருந்து என்னைப் பிரிக்க முடியாத ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரே மெயிலில் அக்காவை அண்ணனாக்கித் தரும் ஒரு சேவையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேண்டாம் தாயே என்று வைத்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, அன்னைக்கு வீட்டுக்கு ஆள் வந்தாரே, யாரு ரத்தம் கொடுத்தது?"

"இன்னா கேள்வி இது? நான்தான்."

"நீங்க ஏன் மாமா கொடுத்தீங்க?"

"நீதானம்மா மெசேஜ் போட்ட, மாமா ரத்தம் குடுக்கணும், ரெடியா இருங்கன்னு. காலைலயே ரெண்டு முட்டைய அவிச்சு தின்னுட்டு, சட்டைய மடிச்சு வுட்டுக்கினு உக்காந்துகினு இருந்தேன். அந்தாளு ரெண்டே ரெண்டு ட்யூப்பு எடுத்துகினு கெளம்பிட்டாரு. இவ்ளோதானான்னு கேட்டுட்டேன். ஒரு பாட்டிலாவது எடுப்பாங்கன்னு பாத்தா, ஒரு பிஸ்கட்டு கூட குடுக்கல."

"பேரு கேக்கலையா அவரு?"

"கேக்காம இன்னா. பிலோமினாவான்னாரு. ஆமாங்க, அவங்களுக்குத்தான்னேன். எழுதிக்கினாரு. ஹெல்மெட்ட கூட கழட்டல, ஒலக்கூர் போவணும், ஜல்தின்னு ஓடிட்டாரு."

"அக்கா எங்க இருந்தா?"

"பக்கத்துலயேதான் நின்னுக்கினு இருந்தா. எனக்கு சுகர் பாக்கறாங்கன்னு நெனச்சுக்கினு, நல்லா எடுத்துகினு போங்க, இதப் பாத்தாவது இந்தாளு ஜிலேபி தின்றத நிறுத்தட்டும்னா."

எனக்குக் கோபம் வரவில்லை. மாமாவின் இடத்தில் எங்கள் ஊர் ஆம்பளை யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டும் என்று ஒரு நர்ஸ் வந்து சொன்னால், எங்கள் பக்கத்தில் யாரும் கட்டிலில் கிடப்பவரைப் பார்ப்பதில்லை, வராந்தாவில் நிற்கும் ஆண்களைத்தான் பார்ப்பார்கள். நோயாளிக்கு ஏற்ற, கூட வந்தவன் கையை நீட்ட வேண்டும். அதுதான் முறை. மாமா அந்த முறையில் பெயர் வாங்கியவர். கண்டமங்கலத்தில் லாரி மோதிய யாரோ ஒருவருக்கு, பஸ்ஸை ஓரம் கட்டச் சொல்லிவிட்டுப் போய்க் கொடுத்தவர். அக்காவுக்கு இரண்டாவது பிரசவம் சிக்கலானபோது திண்டிவனம் ஆஸ்பத்திரியில் முதலில் சட்டையை மடித்தவரும் அவர்தான். "உன் உடம்புல ஓடறது என் ரத்தம்டி" என்று அதை வைத்தே இத்தனை வருடமும் வம்பிழுப்பார்.

அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். "மாமா, ஒரு பஸ்ஸு எங்கேருந்து வருதுன்னு போர்டைப் பாக்காம கண்டுபிடிக்கணும்னா என்ன பண்ணுவீங்க?"

"உள்ள கீழ கெடக்கற டிக்கெட்டப் பாப்பேன். ஊரு பேரு போட்டிருக்கும்ல."

"அதேதான் மாமா. அக்கா நெஞ்சுல இருக்கற கட்டி அது மாதிரி துண்டுத் துண்டா சீட்டைக் கிழிச்சு அவ ரத்தத்துல போட்டுக்கினு இருக்குது. அதைப் பொறுக்கிப் படிக்கத்தான் ரத்தம் கேட்டாங்க. ஏத்தறதுக்கு இல்ல."

"அப்ப நான் என் பஸ்ஸு டிக்கெட்டப் பொறுக்கிக் குடுத்துட்டனா?"

"ஆமா மாமா."

"என் ரூட்டு நல்லா கீதுன்னு பூசை வேற வெச்சேனேம்மா!"

நான் சிரித்துவிட்டேன். துணி அறையில் தனியாக, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு அவர் சிரிப்பு அழுகையாக மாறியதை நான் சற்று தாமதமாகத்தான் கவனித்தேன்.

"பீடி குடிச்சவன் நான். அவ ஒரு தப்பும் பண்ணல. என் ரத்தம் சுத்தமாம், அவளுக்குத்தான் வந்துச்சாம். இது இன்னா நியாயம்மா?"

இந்தக் கோளாறு பீடியே தொடாதவர்களிடம்தான் அதிகம் வருகிறது, அதனால் மாத்திரை கிடைக்க வாய்ப்பு இருக்கிறது என்று சொன்னேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்ததா என்று தெரியவில்லை. எனக்கு இருந்தது.

6

வீட்டுக்கு வந்து என் மகள் ஜெனியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பதினைந்து வயது. இங்கேயே வளர்ந்தவள். தமிழ் புரியும், பேசினால் வினைச்சொல் முதல் பஸ்ஸைப் பிடித்த மாதிரி முன்னாலேயே வந்து சேரும். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"பெரியம்மாவுக்கு தெரியுமா, என்ன நோய் அவங்களுக்கு?"

"தெரியாது. சொன்னா பயந்துடுவா."

"அவங்க உடம்பு அது. அவங்களுக்கு மட்டும் தெரியாது. ஆனா எனக்கு தெரியும். நான் அவங்களை மூணு தடவைதான் பார்த்திருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. போன வருடம் பல் டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போனபோது அந்த அம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. உனக்கு எங்கே வலிக்கிறது, பிடுங்கலாமா, உனக்குச் சம்மதமா என்று எல்லாவற்றையும் அவளிடமே கேட்டார். நான் நடுவில் புகுந்து பதில் சொன்னதற்கு, மன்னிக்கவும் ஃப்ராவ் அருளப்பன், பல் இவளுடையது என்றார். வீடு வரைக்கும் அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஜெனி காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். இப்போதெல்லாம் பாதி நேரம் காதில் அதுதான் இருக்கிறது.

அவள் சொன்னதற்காக இல்லை, வேறு வழியில்லாததால்தான் அக்காவிடம் பேச முடிவு செய்தேன் என்று இந்தக் குறிப்பில் எழுதிக்கொள்கிறேன். அது முழு உண்மை இல்லை.

மறுநாள் எனக்கு விடுமுறை. அக்கா அங்கன்வாடியிலிருந்து வந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த நேரம், வீடியோவில் கூப்பிட்டேன். மாமாவை வெளியே போகச் சொல்லிவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சொல்லையும் சொன்னேன். திக்கித் திணறி, பாதியில் ஜெர்மன் சொல் வந்து விழுந்து, அழுது, ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"எத்தினி நாளா தெரியும் உங்களுக்கெல்லாம்?"

"ரெண்டு மாசமா."

"அந்தாளு கையில ஊசி குத்தும்போது நான் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன்டி. எனக்குத்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கைய நீட்டிட்டுப் போறேன்."

"பயந்துட்டோம்கா."

"பயப்பட வேண்டியவ நானு. அதையும் நீங்களே பண்ணிட்டா அப்புறம் நான் இன்னாத்துக்கு இருக்கேன்?"

அவளிடம் திட்டு வாங்கி ரொம்ப நாளாகிவிட்டது. அன்று முழுவதும் வாங்கினேன். திட்டி முடித்தபிறகு முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தாள். பயம் வந்துவிட்டது, எனக்குத் தெரிந்தது. ஆனால் குரல் அப்படியேதான் இருந்தது.

"செரி, இப்ப சொல்லு. அந்தக் கோளாறு ரத்தத்துல இருக்கணுமா, இருக்கக்கூடாதா?"

"இருக்கணும்கா. இருந்தாத்தான் மாத்திரை."

"இன்னாடி இது பேஜாரா இருக்குது" என்றாள். அப்புறம் மல்லாட்டை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "அந்த ஆள மறுபடி வரச் சொல்லு" என்றாள்.

7

கீமோவை நிறுத்திவைக்கச் சொல்லி விழுப்புரத்து டாக்டரிடம் அக்காவே போனில் பேசினாள். சொன்ன பொய்யெல்லாம் வெளியே வந்துவிட்டது என்று தெரிந்து அவர் கொஞ்சம் தடுமாறியிருக்கிறார். இரண்டு வாரம் தள்ளிப்போட ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் தள்ளினால் ஆபத்து என்றார்.

ரத்தம் எடுப்பவர் மறுபடி வந்தார். இந்த முறை அக்கா முதலில் ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னாள். அங்கன்வாடிப் பிள்ளைகளிடம் பேசும் அதே குரல்தான், அவர் உடனே கழற்றிவிட்டார். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னாள். ட்யூபில் ஒட்டியிருந்த பெயரைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். சம்மதப் படிவத்தை வரி வரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டாள். எங்கள் குடும்பத்தில் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கிறவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மாமா வாசல் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது உத்தரவு. நின்றிருக்கிறார். அந்த ஆள் கிளம்பும்போது அக்கா அவருக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தாளாம். ரத்தம் எடுத்தால் பிஸ்கட் கொடுப்பதுதான் முறை என்று மாமா கேட்டுக்கு வெளியிலிருந்து விளக்கம் சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலமே பூசைக்கு எழுதக் கோயிலுக்குப் போனாள். எதற்காகப் பூசை என்பதை நாங்கள் கருத்து என்போம், அதை நோட்டில் எழுதுபவர் உபதேசியார். என்ன கருத்து என்று கேட்டிருக்கிறார். "பிலோமினா ரத்தத்துல கோளாறு இருக்கணும்னு எழுதுங்க" என்றிருக்கிறாள்.

அவர் பேனாவை மூடிவிட்டார். "ஏம்மா, போன ஞாயித்துக்கெழமைதான் ஒண்ணும் இல்லன்னு நன்றிப் பூசை வெச்சீங்க. இந்த வாரம் இருக்கணும்னு வெச்சா, ஆண்டவரு இன்னான்னு நெனப்பாரு?"

"போன வாரம் வெச்சது எங்க வூட்டுக்காரரு ரத்தத்துக்கு. இது எனக்கு. ஆண்டவருக்கு ஆள் அடையாளம் தெரியும், நீங்க எழுதுங்க."

எழுதினார். அந்த ஞாயிற்றுக்கிழமை பங்குச்சாமியார் அதைப் பூசையில் அப்படியே படித்து, ஒரு நொடி நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி படித்தாராம். கோயில் முழுக்க ஆமென் சொன்னது. எதற்கென்று தெரியாமல் சொன்ன ஆமென்தான். ஆனாலும் நான் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டேன். இங்கே என் ஊர்க் கோயிலில் நானும் அதையே வேண்டிக்கொண்டேன். அக்கா உடம்பில் ஒரு கெட்டது இருக்க வேண்டும் என்று மண்டியிட்டுக் கேட்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அறிக்கையை எனக்கு அனுப்ப வேண்டாம் என்று பெங்களூருக்குச் சொல்லிவிட்டாள். நேராக டாக்டருக்கே போகட்டும், எல்லாரும் ஒன்றாகக் கேட்டுக்கொள்ளலாம் என்றாள். பத்து நாள் மின்னஞ்சலைத் திறந்து திறந்து மூடினேன். நானே ரத்த அழுத்த மாத்திரையை ஒருவருக்குப் பதில் இன்னொருவருக்குக் கொடுக்கப் போய், ஹைகே கையைப் பிடித்து நிறுத்தினாள்.

8

அறிக்கை வந்த திங்கட்கிழமை, விழுப்புரத்தில் டாக்டர் அறைக்குள் போகும்போது அக்கா என்னை வீடியோவில் கூப்பிட்டு, போனை மேஜையில் எதன் மீதோ சாய்த்து வைத்தாள். நான் துணி அறையில் இருந்தேன். எனக்கு டாக்டரின் முகத்தில் பாதியும், மின்விசிறியும், மாமாவின் காதும் தெரிந்தன.

டாக்டர் காகிதத்தைப் புரட்டினார். பழக்கதோஷம், மாமாவைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தார். "சார், ரிப்போர்ட் வந்திருக்கு. அம்மாவ கொஞ்சம் வெளிய வெயிட் பார்த்துட்டு வரச் சொல்லி..."

"வெயிட்டு அப்புறம் பாக்கலாம் டாக்டர்" என்றது அக்காவின் குரல். "இந்தப் பக்கம் பாத்து சொல்லுங்க. இந்தத் தடவ ரத்தம் என்னுது."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. டாக்டரின் பாதி முகம் திரும்பி முழு முதுகானது. அதற்கப்புறம் அவர் அக்காவிடம் மட்டும்தான் பேசினார். கோளாறு இருக்கிறது என்றார். மாத்திரை கொடுக்கலாம் என்றார்.

நான் கத்திவிட்டேன். ஹைகே பதறிப்போய்க் கதவைத் திறந்தாள். "இருக்கிறது! அக்காவுக்கு இருக்கிறது!" என்றேன் ஜெர்மனில். முன்பு ஒருமுறை மாட்டிக்கொண்டதால் அவள் இந்த முறை அவசரப்படவில்லை. வாசலிலேயே நின்று, "நான் சந்தோஷப்படலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். படலாம் என்று தலையாட்டினேன். ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

போனில் அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். "இது சாப்புட்டா சரியாயிடுமா டாக்டர்?"

"முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன்மா. கட்டி சுருங்கும், அடங்கி இருக்கும். சிலருக்கு ரொம்ப நாள் கேக்கும், சிலருக்குக் கொஞ்ச நாள். கேக்காம போச்சுன்னா மறுபடி ரத்தம் எடுத்து, வேற என்ன வந்திருக்குன்னு பாப்போம். தோல்ல கொப்புளம் வரலாம், வயிறு போகலாம். வந்தா உடனே சொல்லணும்."

"உங்ககிட்டயா, எங்க வூட்டுக்காரரு கிட்டயா?"

"என்கிட்டம்மா. நேரா என்கிட்ட."

ரொம்ப நாள், கொஞ்ச நாள் என்ற இரண்டையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். இந்தக் கேள்வியை அவள் கேட்டுவிடக் கூடாது என்றுதான் நாங்கள் அத்தனை பேரும் இரண்டு மாதம் பொய் சொன்னோம். அவள் கேட்டாள், பதிலையும் வாங்கிக்கொண்டாள், அறையில் யாரும் விழுந்துவிடவில்லை.

"நாளைக்கு அங்கன்வாடிக்குப் போலாமா? பிள்ளைங்களுக்கு முட்டை போடற நாளு."

"தாராளமா போங்க."

மாமாவின் காது குலுங்கிக்கொண்டிருந்தது. அவர் அழுகிறார் என்று புரிந்தது. நான் இங்கிருந்து வழக்கம்போல ஆரம்பித்தேன். மாமா அழாதீங்க, அக்கா மாத்திரையை ஒரே நேரத்துக்குப் போடணும், நான் அலாரம் வைக்கிறேன், கொப்புளம் வந்தா எனக்கு போட்டோ அனுப்பு, டாக்டர்கிட்ட இன்னொன்னு கேளு...

அக்கா போனை எடுத்துத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கண் சிவந்திருந்தது. மெலிந்திருந்தாள். சின்ன வயதில் என் கையிலிருக்கும் எதையாவது பிடுங்குவதற்கு முன் அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"நீ போன வைடி" என்றாள். "நான் பாத்துக்கறேன்."

வைத்துவிட்டேன்.